பெரியவர் எழுந்துவிட்டாரா?

முதலில் கணவரின் போனிலிருந்து தன் போனுக்கு ஒரு முறை அடித்துப் பார்ப்பார். மேசைமேல் அது அதிர்ந்து மணியடித்ததும் கட் செய்துவிட்டு, "வேலை செய்யுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். பிறகு குனிந்து, இன்டர்நெட் பெட்டியில் நான்கு பச்சை விளக்குகளும் எரிகின்றனவா என்று எண்ணுவார். அதற்கும் பிறகுதான் மெயில். காலை எட்டேகால் மணிக்கு டைப்பிங் அக்காவின் நாள் இப்படித்தான் தொடங்குகிறது, பதினோரு வருடமாக.

டைப்பிங் அக்கா என்பது தெரு வைத்த பெயர். நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு வேறென்ன வேலை இருந்துவிட முடியும்? தான் மொழிபெயர்ப்பாளர் என்று ஆரம்பத்தில் அவர் எல்லோருக்கும் திருத்திச் சொன்னார். மாடி வீட்டுக்காரம்மா மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, மறுநாளே மகளின் விண்ணப்பம் ஒன்றை அடித்துத் தரச்சொல்லி வந்து நின்றார். அடித்துக் கொடுத்தார் அக்கா. அதோடு திருத்துவதையும் விட்டுவிட்டார்.

வயது நாற்பத்தேழு. மூக்குக்கண்ணாடி இரண்டு வைத்திருக்கிறார், ஒன்று திரைக்கு, ஒன்று உலகத்துக்கு. எப்போதும் தவறானதைத்தான் போட்டுக்கொண்டிருப்பார். கடைக்குப் போனாலும் தோளில் லேப்டாப் பை தொங்கும். கணவருக்கு முதுகில் ஆபரேஷன் நடந்த அன்று, தியேட்டர் வாசலில் உறவுக்காரர்கள் எல்லாம் கையைப் பிசைந்துகொண்டிருக்க, அக்கா மடியில் லேப்டாப்பை வைத்து ரத்த அழுத்தக் கருவியின் கையேட்டை முடித்து அனுப்பினார். நாத்தனார் அதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார். ஆஸ்பத்திரிக்குக் கட்டியது அந்தக் கையேட்டின் காசுதான் என்பதை அக்கா ஒரு தடவைகூடத் திருப்பிச் சொன்னதில்லை.

அந்தக் கையேடுகளைத் தருவது ஒரே ஒரு கம்பெனி. கிளினிக்குகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் இயந்திரங்கள் செய்து விற்கும் பெரிய கம்பெனி. வீட்டில் அதற்குப் பெயர் "பெரியவர்". தேநீரோடு வரும் கணவர், "பெரியவர் எழுந்துட்டாரா?" என்பார். வேலை வந்திருந்தால், "எழுந்து, பல்லு தேச்சு, நாப்பது பக்கம் குடுத்திருக்கார்" என்று பதில் வரும். வராத நாட்களில், "இன்னும் புரண்டுகூடப் படுக்கல" என்பார் அக்கா. வெளியூரில் கடைசி வருடம் படிக்கும் மகன் போன் செய்தால், அம்மாவின் சௌக்கியத்துக்கு முன்னால் பெரியவரின் சௌக்கியத்தைத்தான் விசாரிப்பான். சிரித்துக்கொண்டேதான் கேட்பான். ஆனால் பெரியவர் பத்து நாள் கண் திறக்காவிட்டால் தன் படிப்புக்கும் அப்பாவின் மருந்துக்கும் என்ன ஆகும் என்று அவனுக்கும் தெரியும்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஒரு காலத்தில் விதைப் பாக்கெட்காரர் ஒருவர் இருந்தார், ஒரு வக்கீல் அலுவலகம் இருந்தது, குழந்தைகள் படக்கதை போடும் ஒரு சின்னப் பதிப்பகம் இருந்தது. அவர்கள் கூப்பிடும்போதெல்லாம் பெரியவரும் கூப்பிட்டார். பெரியவருக்கு இல்லை என்று சொல்லும் தைரியம் அக்காவுக்கு வரவில்லை. அதனால் மற்றவர்களுக்குச் சொன்னார். நாலைந்து தடவை சொன்ன பிறகு அவர்கள் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தபோது ஒரு விரல்தான் மிஞ்சியிருந்தது. அன்றிலிருந்துதான் போனை அடித்துப் பார்க்கும் பழக்கம்.

வேலையில் அக்கா கெட்டிக்காரி, அதில் சந்தேகம் வேண்டாம். கையேட்டுத் தமிழை அவர் காகிதத்தில் சோதிப்பதில்லை, கணவரிடம் சோதிக்கிறார். தண்ணீர் பாட்டில்தான் இயந்திரம். அக்கா தன் வரியை வாசிக்க வாசிக்க அவர் செய்துகாட்ட வேண்டும். "நான் சொன்னதை மட்டும் செய்யுங்க. உங்க மூளையை நடுவுல கொண்டுவராதீங்க" என்பது கண்டிப்பான விதி. அச்சகத்தில் முப்பது வருடம் மேற்பார்வையாளராக இருந்த மனிதர், எழுதியபடியே மூடியைத் திருகி, எழுதியபடியே தண்ணீரை மடியில் கொட்டிக்கொள்வார். அக்கா திரும்பிப் போய் வரியை மாற்றுவார்.

ஆனால் எல்லா வரிகளும் இந்தச் சோதனைக்கு வருவதில்லை. அக்கா வேலை செய்யும் மென்பொருள் அவர் எழுதிய ஒவ்வொரு வரியையும் சேர்த்து வைத்துக்கொள்கிறது. புதுக் கையேட்டில் பழைய வரியை ஒத்த ஒன்று வந்தால், பழைய தமிழைத் தானாகவே கட்டத்தில் நிரப்பி, பச்சை வண்ணம் பூசிக் காட்டும். சரி என்றால் ஒரு பொத்தான், அடுத்த வரி. அப்படி நிரம்பும் வரிகளுக்குக் கம்பெனி கால்வாசிக் கூலிதான் தருகிறது. கால்வாசிக் கூலிக்கு யார் பாட்டிலை எடுத்துக்கொண்டு கணவரைக் கூப்பிடுவார்கள்?

போன செவ்வாய்க்கிழமை பெரியவர் எழுந்தார். ஆனால் கையேடு எதுவும் தரவில்லை. வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் ஒருங்கிணைப்பாளர் அம்மா, மாதிரிக்கு ஒரு மொழிபெயர்ப்பை அனுப்பியிருந்தார். பன்னிரண்டு பக்கம். செய்தது யார் என்று சொல்லவில்லை. அக்கா அதைப் படித்து, பிழைகளைப் பட்டியலிட்டு, நூற்றுக்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டு, வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் அனுப்ப வேண்டும். கம்பெனி தமிழுக்கு இன்னொருவரைச் சேர்க்க யோசிக்கிறதாம். உங்கள் கருத்தை மிகவும் மதிக்கிறோம் என்று முடித்திருந்தார்.

அக்கா அதை இரண்டு கண்ணாடியையும் மாற்றி மாற்றிப் போட்டுப் படித்தார். பிறகு கணவரைக் கூப்பிட்டார்.

"எனக்குச் சக்களத்தி கொண்டுவரப் போறாங்களாம். பொண்ணு பாக்க என்னையே அனுப்புறாங்க."

கணவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "மார்க்கை நீதானே போடப்போற?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த ஆறுதல் இருவருக்குமே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

கம்பெனியில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. அங்கே அக்கா சொல்வதுதான் தமிழ். அவர் நல்லது என்றால் நல்லது, குப்பை என்றால் குப்பை. பதினோரு வருடத்தில் இப்படி ஒரு அதிகாரம் தன் கையில் இருப்பதை அக்கா உணர்ந்ததே இல்லை. அன்றுதான் உணர்ந்தார், உணர்ந்ததும் லேப்டாப்பை மூடிவைத்தார்.

புதன்கிழமை காலை படிக்க உட்கார்ந்தார். படித்துப் பார்த்தால், சக்களத்தி நன்றாகவே எழுதியிருந்தாள். அக்கா பத்து சொற்களில் சொல்வதை ஏழில் சொல்லியிருந்தாள். சில இடங்களில், இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று அக்காவுக்குப் பொறாமையே வந்தது. பொறாமை வந்த இடத்திலெல்லாம் ஒரு காற்புள்ளியைக் குறை சொல்லிவைத்தார். இப்படியே போனால் எண்பத்தைந்துக்குக் கீழே இறக்க முடியாது என்ற பயத்தோடு ஒன்பதாம் பக்கத்துக்கு வந்தார்.

அந்தப் பக்கம், பல் டாக்டர்களும் சின்ன கிளினிக்குகளும் வைத்திருக்கும் ஒரு இயந்திரத்தைப் பற்றியது. கத்தி, இடுக்கி போன்றவற்றை நீராவியில் வைத்துக் கிருமி நீக்குவது. சமையலறைக் குக்கருக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளலாம். இதன் கையேட்டை மூன்று வருடத்துக்கு முன் தமிழாக்கியவர் அக்காதான். மாதிரியில் இருந்த வரி இது: முதலில் வால்வைத் திறந்து, அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்துக்கு இறங்கும் வரை காத்திருக்கவும், பிறகு மூடியின் கொக்கியை விடுவிக்கவும்.

அக்கா தன் பழைய கையேட்டைத் திறந்து பார்த்தார். அதில் முதலில் கொக்கி, பிறகு வால்வு. சக்களத்தி தலைகீழாக எழுதியிருந்தாள்.

அக்காவின் சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. இது பாதுகாப்பு வரி. கம்பெனியின் விதிப்படி பாதுகாப்பு வரியில் ஒரு கடும் பிழை இருந்தால் போதும், மற்றதெல்லாம் முத்து முத்தாக இருந்தாலும் தேர்ச்சி கிடையாது. அந்த விதியைத் தமிழாக்கியதே அக்காதான். வரிக்குச் சிவப்பு பூசினார். பக்கத்தில் "கடும் பிழை" என்று எழுதினார். எழுந்துபோய், ஒரு வாரமாகத் துவைக்காமல் கிடந்த திரைச்சீலைகளைக் கழற்றி நனைத்தார். கணவரிடம், "பொண்ணு அழகுதான், ஜாதகம் சரியில்ல" என்றார். ஒரு மணி நேரம் அந்த வீடு நிம்மதியாக இருந்தது.

பிழை என்றால் மூல வரியையும் எடுத்துக் காட்ட வேண்டும். அதற்காக ஆங்கிலக் கையேட்டைத் திறந்தார்.

முதலில் வால்வு. பிறகு கொக்கி.

மூன்று தடவை படித்தார். பதிப்பு எண்ணைச் சரிபார்த்தார். பழைய மாடல் ஒன்று இருந்தது. அதில் கொக்கியைப் பாதி திருப்பினாலே நீராவி பின்பக்கக் குழாய் வழியாகப் போய்விடும். அதனால் அங்கே முதலில் கொக்கி. மூன்று வருடத்துக்கு முன் வந்த புது மாடலில் பின்பக்கக் குழாயே இல்லை, முதலில் கொக்கியை விடுவித்தால் நீராவி மூடி வழியாக ஆள்மேல்தான் பாயும். வரி மட்டும் கிட்டத்தட்ட அதே சொற்கள். மென்பொருள் பழைய தமிழைக் கொண்டுவந்து பச்சை வண்ணம் பூசியிருக்கிறது. அக்கா பொத்தானை அழுத்திவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறார். பிழை சக்களத்தியுடையது இல்லை. மூன்று வருடமாக அச்சில் இருப்பது அக்காவுடையது.

குளியலறையில் நனைத்த திரைச்சீலைகளை யாரும் பிழியவில்லை.

விஷயத்தைக் கேட்டதும் கணவர் எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்தினார். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். சிவப்பை எடுத்துவிடு, அந்தப் பெண்ணுக்கு அநியாயம் வேண்டாம், ஆனால் உன் கையேட்டைப் பற்றி நீயாக வாயைத் திறக்காதே என்பது அவர் யோசனை. பாதுகாப்பு வரியில் தவறியவருக்கு விசாரணை முடியும் வரை வேலை கிடையாது என்பதும் அதே விதிதான். அந்த விசாரணை எத்தனை மாதம் ஓடும் என்று யாருக்குத் தெரியும்? அதற்குள் சக்களத்தி வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள்.

"மூணு வருஷமா ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. அப்போ ஒண்ணும் ஆகலன்னுதானே அர்த்தம்?" என்றார்.

"யாருக்காவது ஆயிருந்தா எங்கிட்ட வந்தா சொல்லுவாங்க?"

அன்று முழுக்க அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தட்டும் சத்தம் கேட்கவில்லையே, உடம்பு சரியில்லையா என்று மாடி வீட்டுக்காரம்மா இறங்கிவந்து விசாரித்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அக்கா இரண்டு தெரு தள்ளியிருக்கும் பல் கிளினிக்குக்குப் போனார். பல் வலி என்று சொல்லி டோக்கன் வாங்கினார். எதற்கு வந்தோம் என்று அவருக்கே முழுதாகத் தெரியவில்லை. அந்த இயந்திரம் அங்கே இல்லாமல் இருக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டார். வேண்டுதல் பலிக்கவில்லை. உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது. வெள்ளை நிறம், வட்ட மூடி, முள். அதற்கு மேலே சுவரில், பிளாஸ்டிக் உறைக்குள், அக்கா தமிழாக்கிய கையேட்டிலிருந்து எடுத்த தாள். நாற்பது வயது மதிக்கத்தக்க நர்ஸ் ஒருவர் இடுக்கிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"உள்ள வந்து பாக்கலாமா சிஸ்டர்? சும்மாதான்" என்றார் அக்கா. சும்மா பார்க்க என்ன இருக்கிறது என்று நர்ஸ் யோசித்திருப்பார். ஆனாலும் நகர்ந்து வழிவிட்டார்.

தாளில் அந்த வரியில், கொக்கியைச் சுற்றி ஒன்று, வால்வைச் சுற்றி ஒன்று என்று நீலப் பேனாவால் இரண்டு வட்டம். முதல் வட்டத்தின் தலையில் இரண்டு என்றும், இரண்டாவதன் தலையில் ஒன்று என்றும் போட்டிருந்தது. நடுவே குறுக்காக ஓர் அம்புக்குறி. பேனா அழுத்தியதில் தாள் ஒரு இடத்தில் கிழிந்திருந்தது.

"இது யாரு திருத்தினது?"

"நான்தாங்க. யாரோ மாத்தி எழுதி வெச்சிருக்காங்க." நர்ஸ் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு இடது சட்டைக் கையை மேலே இழுத்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் வேறு நிறமாக, வழவழவென்று இருந்தது. "மெஷின் வந்த மொத வாரம். தாளைப் பாத்து அப்படியே செஞ்சேன். மூஞ்சிய திருப்பிக்கிட்டதால கண்ணு தப்பிச்சுது."

கம்பெனிக்குச் சொன்னீர்களா என்று அக்கா கேட்டார். கேட்டாரா, உதட்டை அசைத்தாரா என்று அவருக்கே நிச்சயமில்லை.

"யாருகிட்ட சொல்றது? போன் பண்ணா ஒண்ணை அமுக்கு ரெண்டை அமுக்குன்னுது. டாக்டரும் விடும்மா, நீ பாத்து செய்னுட்டார். பதினஞ்சு நாள் லீவு போட்டேன், அவ்வளவுதான்." நர்ஸ் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "இங்க நான் திருத்திட்டேன். மத்த கிளினிக்ல என்ன பண்றாங்களோ."

அக்கா வெளியே வந்து நோயாளிகள் பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். மணி பத்து ஐம்பது. லேப்டாப்பைத் திறந்தார். ஒன்பதாம் பக்கத்துச் சிவப்பை நீக்கினார். பொறாமையில் போட்ட காற்புள்ளிகளையும் ஒவ்வொன்றாக நீக்கினார். அப்படி நீக்கியதில் சக்களத்திக்குத் தொண்ணூற்று மூன்று வந்தது. கட்டத்தில் தொண்ணூற்று மூன்று என்று போட்டார்.

தன் பிழையைச் சொல்ல அந்தப் படிவத்தில் கட்டம் எதுவும் இல்லை. தனியாக ஒரு கடிதம் எழுதினார். எந்தக் கையேடு, எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம், எந்த வரி. பிழை என்னுடையது. இதனால் ஒருவருக்குக் கை வெந்திருக்கிறது, நான் நேரில் பார்த்தேன். இந்தத் தாள் எங்கெங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் இன்றே தெரிவிக்க வேண்டும். சரியான வரியையும் அடியில் எழுதிவைத்தார். வருந்துகிறேன் என்று எழுதி, அழித்து, மறுபடியும் எழுதினார். மகனின் கடைசி வருடம் நினைவுக்கு வந்தது. கணவரின் முகம் வந்தது. அந்த முகம் கண்முன் இருக்கும்போதே அனுப்பினார்.

அனுப்பியது போய்விட்டதா என்று இரண்டு தடவை பார்த்தார். பதில் வருகிறதா என்று பார்க்கவில்லை. லேப்டாப்பை மூடிப் பையில் வைத்துவிட்டு, எழுந்து மறுபடியும் உள்ளறைக்குப் போனார்.

"இன்னும் டாக்டர் கூப்பிடலங்க. உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர் இருக்காங்க" என்றார் நர்ஸ்.

"சிஸ்டர், அந்த நீலப் பேனா இருக்கா?"

நர்ஸ் பைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். அக்கா சுவரிலிருந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றித் தாளை வெளியே எடுத்தார். மேசையில் வைத்து, கிழிந்த இடத்தை விரலால் நீவி ஒட்டவைத்தார். தாளின் அடியில் கம்பெனியின் சின்னமும், ஒன்றை அமுக்கச் சொல்லும் அந்த நம்பரும் இருந்தன. அவற்றுக்குக் கீழே, கொஞ்சம் பெரிதாக, தன் போன் நம்பரை எழுதத் தொடங்கினார்.

நர்ஸ் எட்டிப் பார்த்தார். "யாரு நம்பருங்க இது?"

"இதை எழுதினவங்களோடது" என்றார் அக்கா. நிமிர்ந்து பார்க்கும் தைரியம் வரவில்லை. பாதி நம்பரில் பேனா மை வராமல் நின்றுவிட்டது. உள்ளங்கையில் இரண்டு கிறுக்கு கிறுக்கி மை வரவழைத்து, மீதி எண்களையும் எழுதி முடித்தார்.